வெளி ரெப்போக்களும் பேக்கேஜ் முன்னுரிமை மோதல்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு மென்பொருளின் புதிய பதிப்புக்காக, அதை உருவாக்குபவர்களின் ரெப்போவை, அதாவது நிறுவத் தயாரான மென்பொருள் பொதிகள் (பேக்கேஜ்கள்) இருக்கும் கிடங்கை, லினக்ஸில் சேர்க்கிறோம். கேட்டது ஒரு பேக்கேஜ், மாறியது பத்து. அல்லது ரெப்போவைச் சேர்த்த பிறகும் பழைய பதிப்பே வந்து உட்காருகிறது. இரண்டுக்கும் அடிப்படை ஒன்றுதான்: ஒரே பெயரில் ஒரு பேக்கேஜ் இரண்டு இடங்களில் இருந்தால், எதை எடுப்பது என்று பேக்கேஜ் மேலாளர் தனக்கென ஒரு கணக்கு வைத்திருக்கிறது. அந்தக் கணக்கு தெரியாமல் கட்டளைகளைத் தட்டினால் மோதல் வளர்ந்துகொண்டே போகும்.

இந்தப் பக்கத்தில் கட்டளைகளும் கோப்புப் பெயர்களும் ஒலிப்புப்படி தமிழில் உள்ளன. டெர்மினலில் அவற்றை ஆங்கில எழுத்தில் தட்டுங்கள். சிறிய எழுத்தா பெரிய எழுத்தா என்ற வேறுபாட்டையும் அங்கே கவனியுங்கள்.

கேள்வி: ரெப்போவைச் சேர்த்ததும் எனக்குச் சம்பந்தமில்லாத பேக்கேஜ்களும் ஏன் அப்டேட் ஆகின்றன?

டெபியன், உபுண்டு வகையில் நீங்கள் எதையும் மாற்றாதவரை ஏறக்குறைய எல்லா ரெப்போவும் 500 என்ற ஒரே முன்னுரிமையில் நிற்கும். முன்னுரிமை சமமாக இருந்தால் பதிப்பு எண் பெரிதாக இருப்பது வெல்லும். இந்த வகையின் பேக்கேஜ் மேலாளரான ஆப்டுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். "இது டிஸ்ட்ரோவின் (டெபியன், உபுண்டு போன்ற லினக்ஸ் வகையின்) சொந்த ரெப்போ, அது வெளியாள்" என்ற பேதம் அதற்குக் கிடையாது.

வெளி ரெப்போக்கள் முக்கிய மென்பொருளோடு அதற்குத் தேவையான லைப்ரரிகளையும் புதிய பதிப்பில் வைத்திருப்பது வழக்கம். அந்த லைப்ரரிகள் உங்கள் கணினியில் வேறு மென்பொருள்களுக்காக ஏற்கெனவே இருந்தால், அடுத்த ஆப்ட் அப்கிரேடில் அவையும் வெளி ரெப்போவுக்கு மாறிவிடும். யாரும் தவறு செய்யவில்லை. யாரும் அனுமதி கேட்கவும் இல்லை.

கேள்வி: முன்னுரிமை எண் பெரிதாக இருந்தால் வெல்லுமா, சிறிதாக இருந்தால் வெல்லுமா?

கருவியைப் பொறுத்தது. ஆப்டில் பெரிய எண் வெல்லும். டிஎன்எஃப் (ஃபெடோரா, ரெட் ஹாட்), ஸிப்பர் (ஓபன்சூசே) இரண்டிலும் சிறிய எண் வெல்லும்; எதுவும் எழுதாவிட்டால் இரண்டிலும் 99. ஆர்ச்சின் பேக்மேனில் எண்ணே இல்லை. அமைப்புக் கோப்பில் முதலில் வரும் ரெப்போ வெல்லும்.

உபுண்டுவில் பழகிய கையோடு ஃபெடோராவுக்குப் போய், வெளி ரெப்போவைத் தள்ளி வைப்பதாக நினைத்து 10 என்று போட்டால், அதைத்தான் எல்லாவற்றுக்கும் மேலே ஏற்றி வைத்திருக்கிறீர்கள். எந்தக் கருவிக்கான குறிப்பு என்று பார்க்காமல் ஒரு எண்ணை நகலெடுக்காதீர்கள்.

கேள்வி: ஆப்டில் ஒவ்வொரு எண்ணும் என்ன செய்யும்?

எண்ணை விட அது விழும் வரம்புதான் முக்கியம். 510 என்று போட்டாலும் 700 என்று போட்டாலும் பல கணினிகளில் விளைவு ஒன்றே.

1000 அல்லது அதற்கு மேல்: நிறுவியிருப்பதை விடப் பழைய பதிப்பாக இருந்தாலும் நிறுவும். பதிப்பைப் பின்னோக்கிக் கொண்டுபோகும் ஒரே வரம்பு இது.

990 முதல் 999 வரை: இலக்கு ரிலீஸில் (நீங்கள் முதன்மையாகத் தேர்ந்த டிஸ்ட்ரோ வெளியீட்டில்) இல்லாவிட்டாலும் நிறுவும்; ஆனால் நிறுவியிருப்பது புதியதாக இருந்தால் தொடாது. டார்கெட்-ரிலீஸ் என்று நீங்கள் குறிப்பிடும் ரிலீஸுக்குத் தானாகக் கிடைக்கும் எண் 990.

500 முதல் 989 வரை: சாதாரண ரெப்போக்களின் இடம்.

100 முதல் 499 வரை: வேறெந்த ரெப்போவிலும் அந்தப் பேக்கேஜ் இல்லையென்றால் நிறுவும். ஏற்கெனவே நிறுவியிருக்கும் பதிப்புக்கு ஆப்ட் கொடுக்கும் எண்ணும் 100 தான். நிலையான ரிலீஸுக்காகப் புதிய பதிப்புகளைத் தரும் டெபியன் பேக்போர்ட்ஸ் ரெப்போவும் இதே 100 இல் இருக்கிறது.

1 முதல் 99 வரை: அந்தப் பேக்கேஜ் கணினியில் இல்லாதபோது மட்டும் நிறுவும்.

சுழிக்குக் கீழே: ஒருபோதும் நிறுவாது. சுழியையே எழுதாதீர்கள், அதற்கு வரையறுத்த பொருள் இல்லை.

கேள்வி: இப்போது எந்த ரெப்போ வெல்கிறது என்று எப்படிப் பார்ப்பது?

எதையும் மாற்றுவதற்கு முன் இந்த ஒரு கட்டளையைத் தட்டுங்கள்:

ஆப்ட்-கேஷ் பாலிசி பேக்கேஜ்-பெயர்

"இன்ஸ்டால்டு" என்ற வரி இப்போது இருப்பதைச் சொல்லும். "கேண்டிடேட்" என்ற வரி, இன்ஸ்டால் அல்லது அப்கிரேட் கொடுத்தால் வரப்போவதைச் சொல்லும். கீழே உள்ள பதிப்பு அட்டவணையில் ஒவ்வொரு பதிப்பும் எந்த முகவரியிலிருந்து, எந்த முன்னுரிமையில் கிடைக்கிறது என்று இருக்கும். மூன்று நட்சத்திரம் போட்டிருப்பது நிறுவியிருக்கும் பதிப்பு. அந்தப் பதிப்புக்குக் கீழே டிபிகேஜியின் (ஆப்டுக்கு அடியில் உண்மையாக நிறுவும் கருவியின்) ஸ்டேட்டஸ் கோப்பு மட்டும் இருந்து ரெப்போ முகவரி எதுவும் இல்லையென்றால், அந்தப் பதிப்பு இப்போது எந்த ரெப்போவிலும் இல்லை என்று பொருள்: ரெப்போவை நீக்கியிருப்பீர்கள், அல்லது டெப் கோப்பைக் கையால் நிறுவியிருப்பீர்கள்.

பேக்கேஜ் பெயர் இல்லாமல் ஆப்ட்-கேஷ் பாலிசி என்று மட்டும் தட்டினால் எல்லா ரெப்போக்களும் வரும். ஒவ்வொன்றின் கீழும் ஓ=, ஏ=, என்=, எல்=, சி= என்ற அடையாளங்களும், "ஆரிஜின்" என்று சர்வரின் பெயரும் இருக்கும். முன்னுரிமை விதி எழுதும்போது தேவைப்படுவது இவைதான். ஊகிக்காமல் இங்கிருந்து எடுத்து எழுதுங்கள்.

கேள்வி: வெளி ரெப்போவிலிருந்து ஒரே ஒரு பேக்கேஜ் மட்டும் வேண்டும். மற்றவை அசையக் கூடாது. எப்படி?

இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும் செய்து பார்ப்பதென்றால் இதைச் செய்யுங்கள். முதலில் முழு ரெப்போவையும் கீழே இறக்குங்கள். பிறகு வேண்டியதை மட்டும் பெயர் சொல்லி மேலே ஏற்றுங்கள். /இடிசி/ஆப்ட்/பிரிஃபரன்சஸ்.டி/ கோப்பகத்தில் ஒரு கோப்பு திறந்து, நோட்ஜேஎஸ் மட்டும் வேண்டுமென்றால் இப்படி எழுதலாம்:

பேக்கேஜ்: *
பின்: ஆரிஜின் டெப்.நோட்சோர்ஸ்.காம்
பின்-பிரையாரிட்டி: 100

பேக்கேஜ்: நோட்ஜேஎஸ்
பின்: ஆரிஜின் டெப்.நோட்சோர்ஸ்.காம்
பின்-பிரையாரிட்டி: 600

இரண்டு பத்திகளுக்கும் நடுவே ஒரு வெற்று வரி கட்டாயம். பெயர் குறிப்பிட்ட விதி, நட்சத்திர விதியை விட வலிமையானது. கோப்பில் எது முதலில் வருகிறது என்பது அந்த இரண்டுக்கும் நடுவே பொருட்டல்ல.

500 போதாதா, ஏன் 600? நீங்கள் விரும்பும் பதிப்பு வரிசை டிஸ்ட்ரோவில் இருப்பதை விடப் பழையதாக இருக்கலாம். 500க்கு 500 என்று சமமாக நின்றால் பதிப்பு எண் பெரியது வென்றுவிடும். 600 என்றால் பதிப்பு எண்ணைப் பார்க்காமலே இந்த ரெப்போ வெல்லும். டிஸ்ட்ரோவின் புதிய பதிப்பை ஏற்கெனவே நிறுவியிருந்தால் மட்டும் 600 உதவாது. முதலில் அதை நீக்க வேண்டும்.

எழுதி முடித்ததும் ஆப்ட் அப்டேட் கொடுத்து, ஆப்ட்-கேஷ் பாலிசியில் கேண்டிடேட் வரி மாறியிருக்கிறதா என்று பாருங்கள். பிறகு ஆப்ட்-கெட் --சிமுலேட் இன்ஸ்டால் என்று ஒருமுறை ஒத்திகை. நீக்கப்படும் பேக்கேஜ்களின் பட்டியல் காலியாக இருந்தால் மட்டும் உண்மையாக நிறுவுங்கள்.

கேள்வி: முழு ரெப்போவுக்கும் 100 ஏன்? 1 என்று போட்டால் இன்னும் பாதுகாப்பில்லையா?

பாதுகாப்பு போலத் தெரியும். உண்மையில் ஒரு பொறி. அந்த ரெப்போவில் மட்டுமே இருக்கும் ஒரு பேக்கேஜை எடுத்துக்கொள்வோம். முன்னுரிமை 1 ஆக இருந்தாலும் போட்டியாளர் இல்லாததால் அது நிறுவப்படும். நிறுவிய கணத்திலிருந்து அதன் முன்னுரிமை 100. நாளை அதே ரெப்போவில் பாதுகாப்புத் திருத்தத்தோடு புதிய பதிப்பு வருகிறது. அதன் முன்னுரிமை 1. நூறோடு ஒன்று மோதினால் நிறுவியிருப்பதே வெல்லும். பிழைச் செய்தி வராது. மாதக்கணக்கில் பழைய பதிப்பிலேயே இருப்பீர்கள்.

100 என்று போட்டால் நிறுவியிருப்பதும் புதியதும் சமம், பதிப்பு எண் பெரியது வெல்லும், அப்டேட் வரும். டிஸ்ட்ரோவில் இருக்கும் பேக்கேஜ்களை அப்போதும் இது முந்தாது. பேக்போர்ட்ஸுக்கு டெபியன் 100 கொடுத்திருப்பதும் இதே காரணத்துக்காகத்தான்.

கேள்வி: விதி எழுதினேன், எந்த மாற்றமும் இல்லை. என்ன தவறு?

பெரும்பாலும் ஆரிஜின் என்ற சொல்லில் வரும் குழப்பம். "பின்: ஆரிஜின்" என்றால் சர்வரின் பெயர். "பின்: ரிலீஸ் ஓ=" என்றால் ரெப்போவின் ரிலீஸ் கோப்பில் ஆரிஜின் என்ற தலைப்பில் எழுதியிருக்கும் பெயர். ஒரே சொல், இரண்டு பொருள். சர்வர் பெயரை ஓ= க்குப் பின்னால் எழுதினால் எதுவும் பொருந்தாது; ஆப்டும் எச்சரிக்காது.

அடுத்தது கோப்பின் பெயர். பிரிஃபரன்சஸ்.டி கோப்பகத்தில் நீட்டிப்பு இல்லாத பெயரோ "பிரெஃப்" என்ற நீட்டிப்போ மட்டுமே படிக்கப்படும். "கான்ஃப்" என்று முடிந்தால் ஆப்ட் கடந்து போய்விடும். பெயரில் இடைவெளியும் கூடாது.

இரண்டும் சரியென்றால், அதே பேக்கேஜுக்கு வேறொரு கோப்பில் விதி இருக்கிறதா என்று தேடுங்கள். பெயர் குறிப்பிட்ட விதிகள் இரண்டு பொருந்தினால் முதலில் படிக்கப்பட்டதே செல்லும். சில நிறுவல் ஸ்கிரிப்டுகள் நமக்குத் தெரியாமலே அங்கே ஒரு கோப்பை வைத்துவிட்டுப் போகின்றன.

கேள்வி: உபுண்டுவில் மொசில்லாவின் ரெப்போவைச் சேர்த்தும் ஃபயர்ஃபாக்ஸ் ஸ்நாப்பாகவே வருகிறது. அதன் பதிப்பு எண் பெரிதாயிற்றே?

பெரிதாகத் தெரிகிறது, பெரிதில்லை. 22.04 இலிருந்து உபுண்டுவின் ஃபயர்ஃபாக்ஸ் டெப் பேக்கேஜ் ஒரு வெறும் கூடு. ஸ்நாப்பை, அதாவது உபுண்டுவின் தனி வகைப் பேக்கேஜை, இழுத்துவருவதுதான் அதன் வேலை. அதன் பதிப்பு "1:1ஸ்நாப்1" என்று தொடங்கும். முக்காற்புள்ளிக்கு முன்னால் உள்ள அந்த 1 தான் இபாக். ஒப்பிடும்போது முதலில் பார்ப்பது இபாக்கைத்தான். எழுதாவிட்டால் அது சுழி. மொசில்லாவின் பதிப்புகளில் இபாக் இல்லை. எனவே 122 ஆனாலும் 140 ஆனாலும், 1:1 என்பதற்குக் கீழேதான்.

ஸ்நாப் கூடு ஏற்கெனவே நிறுவியிருக்கும் கணினியில், ஆப்டின் பார்வையில் மொசில்லா பதிப்புக்கு மாறுவது பதிப்பைக் குறைப்பது. ஆகவேதான் மொசில்லா தன் வழிமுறையில் 1000 என்று போடச் சொல்கிறது. பேக்கேஜஸ்.மொசில்லா.ஆர்க் என்ற சர்வர் பெயரைக் கொண்டு விதி எழுதுங்கள். பேக்கேஜ் வரியில் நட்சத்திரத்துக்குப் பதிலாக ஃபயர்ஃபாக்ஸ்* என்று குறுக்கிக்கொள்வது நல்லது; மொழிப் பொதிகளும் அதில் அடங்கிவிடும்.

எது பெரியது என்ற சந்தேகம் எப்போது வந்தாலும் டிபிகேஜி --கம்பேர்-வெர்ஷன்ஸ் கட்டளையிடம் கேளுங்கள். கண்ணால் ஒப்பிட வேண்டாம். அலைக்குறி இன்னொரு புதிர்: 2.0~ஆர்சி1 என்பது 2.0 ஐ விடச் சிறியது, ஏனென்றால் அலைக்குறி வெற்றிடத்தையும் விடக் கீழே வரிசைப்படும்.

கேள்வி: தொல்லையே வேண்டாம் என்று வெளி ரெப்போ முழுவதற்கும் 1001 போடலாமா?

வேண்டாம். அந்த ரெப்போவில் நாளை எந்தப் பெயரில் எந்தப் பேக்கேஜ் வந்தாலும், அது பழையதாக இருந்தாலும், உங்கள் கணினியில் இருப்பதைத் தள்ளிவிட்டு அமர அனுமதி கொடுத்துவிட்டீர்கள். சி லைப்ரரியோ ஓபன்எஸ்எஸ்எல்லோ தெரியாத்தனமாக அங்கே பதிவேறினாலும் ஆப்ட் தயங்காது. 1000 என்ற எண், பெயர் குறிப்பிட்ட விதிக்கு மட்டும்.

கேள்வி: "ஹெல்டு புரோக்கன் பேக்கேஜஸ்" என்று பிழை வருகிறது. நான் எதையும் ஹோல்டில் வைக்கவில்லையே?

ஹோல்டு என்றால் ஒரு பேக்கேஜை மாறாமல் பிடித்து வைப்பது; ஆனால் அந்தச் செய்தியின் சொற்கள் குழப்புகின்றன. எல்லாச் சார்புகளையும் ஒருசேர நிறைவேற்றும் தீர்வு கிடைக்கவில்லை என்பதுதான் அதன் பொருள். முன்னுரிமை விதிகளுக்குப் பிறகு இது வந்தால் வழக்கமான காரணம்: வேண்டிய பேக்கேஜை 600க்கு ஏற்றினீர்கள், அதற்குத் தேவையான லைப்ரரியை 100 இல் விட்டுவிட்டீர்கள். லைப்ரரியின் டிஸ்ட்ரோ பதிப்பு 500 இல் நின்று வெல்கிறது. ஆனால் உங்கள் பேக்கேஜ் கேட்பது அதைவிடப் புதியது.

கண்டுபிடிக்கும் வழி: பிழையில் "டிபெண்ட்ஸ்" என்ற சொல்லுக்குப் பின்னால் வரும் பேக்கேஜ் பெயரை எடுத்து, அதையும் சேர்த்து ஆப்ட்-கெட் --சிமுலேட் இன்ஸ்டால் கொடுங்கள். பிழை இன்னொரு பெயரைச் சுட்டும். அதையும் சேருங்கள். இரண்டு மூன்று படிகளில் உண்மையான முட்டுக்கட்டை தெரிந்துவிடும். அதற்கு ஆப்ட்-கேஷ் பாலிசி பார்த்து, வெளி ரெப்போவில் தேவையான பதிப்பு இருந்தால் அந்த லைப்ரரிக்கும் பெயர் சொல்லி ஒரு விதி. ஆப்டிட்யூட் நிறுவியிருந்தால் ஆப்டிட்யூட் வை-நாட் என்ற கட்டளை இந்தத் தேடலைச் சுருக்கித் தரும்.

கேள்வி: அது லிப்சி6 இன் புதிய பதிப்பைக் கேட்கிறது. அதற்கும் விதி எழுதலாமா?

இங்கே நிறுத்துங்கள். அந்தப் பேக்கேஜ் உங்கள் ரிலீஸுக்காகக் கட்டப்பட்டதே அல்ல. டெபியன் 12 இல் ஜிலிப்சி (லிப்சி6 பேக்கேஜில் இருக்கும் சி லைப்ரரி) 2.36, உபுண்டு 24.04 இல் 2.39. பின்னதற்காகக் கட்டிய பேக்கேஜ் முன்னதில் 2.38 வேண்டும் என்று கேட்டால், எந்த முன்னுரிமை எண்ணாலும் தீராது. புதிய ரிலீஸின் ரெப்போவைச் சேர்த்து லிப்சி6 ஐ மட்டும் இழுத்தால், கணினியின் எல்லா நிரல்களும் நிற்கும் தரையையே மாற்றுகிறீர்கள். திரும்பி வருவது மிகக் கடினம்.

ரெப்போ வரியில் எழுதிய ரிலீஸ் பெயரைச் சரிபாருங்கள். லினக்ஸ் மின்ட் பயனர்கள் இதில் அடிக்கடி சிக்குகிறார்கள். மின்டின் சொந்தப் பெயர் வேறு, அது நிற்கும் உபுண்டுவின் பெயர் வேறு. வெளி ரெப்போக்கள் அறிவது உபுண்டு பெயரை மட்டும். /இடிசி/ஓஎஸ்-ரிலீஸ் கோப்பில் உபுண்டு கோட்நேம் என்ற வரியில் அது இருக்கிறது.

கேள்வி: வெளி ரெப்போவிலிருந்து ஒரு லைப்ரரி அப்டேட் ஆனதும் ஒயின், ஸ்டீம் போன்ற 32 பிட் மென்பொருள்களை நீக்கப்போவதாக ஆப்ட் சொல்கிறது. ஏன்?

64 பிட்டும் 32 பிட்டும் ஒரே கணினியில் இருக்கும்போது, இரண்டு வகையிலும் நிறுவிய பொது லைப்ரரிகள் எழுத்துப் பிசகாமல் ஒரே பதிப்பில் இருந்தாக வேண்டும். வெளி ரெப்போ 64 பிட்டை மட்டும் வெளியிட்டால், அதன் புதிய லைப்ரரிக்கு 32 பிட் இணை எங்கும் கிடைக்காது. ஆப்ட் கொடுக்கும் தீர்வு, 32 பிட் பக்கத்தை முழுதாகக் கழற்றுவது.

தடுக்க, மேலே சொன்ன 100 விதி போதும். ஏற்கெனவே லைப்ரரி மாறிவிட்டால், ஆப்ட் இன்ஸ்டால் லைப்ரரி=பதிப்பு என்று டிஸ்ட்ரோவின் பதிப்பைச் சரியாகக் குறிப்பிட்டுத் திரும்பக் கொண்டுவாருங்கள். அந்த லைப்ரரியின் புதிய பதிப்பு வெளி மென்பொருளுக்குக் கட்டாயம் என்றால், இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கத்தான் வேண்டும்.

கேள்வி: "டிரையிங் டு ஓவர்ரைட்" என்று டிபிகேஜி நின்றுவிட்டது. முன்னுரிமையை மாற்றினால் சரியாகுமா?

ஆகாது. பெயர் ஒன்றாக இருந்தால்தான் முன்னுரிமைக்கு வேலை. இங்கே பெயர் வேறு வேறு. உள்ளே ஒரே பாதையில் ஒரே கோப்பு. இரண்டு பேக்கேஜ்களும் ஒன்றையொன்று அறியாமல் கட்டப்பட்டவை. --ஃபோர்ஸ்-ஓவர்ரைட் கொடுத்தால் அப்போதைக்கு ஓடும். அடுத்த அப்டேட்டில் எது எதை அழித்தது என்று தேடிக்கொண்டிருப்பீர்கள். எது வேண்டும் என்று முடிவு செய்து மற்றதை முதலில் நீக்குங்கள்.

டாக்கரில் மோதலைப் பேக்கேஜிலேயே அறிவித்திருக்கிறார்கள். டிஸ்ட்ரோவின் பேக்கேஜ் டாக்கர்.ஐஓ, டாக்கர் நிறுவனத்தின் பேக்கேஜ் டாக்கர்-சிஇ. நிறுவனத்தின் கன்டெய்னர்டி.ஐஓ வந்தால் டிஸ்ட்ரோவின் கன்டெய்னர்டியும் ரன்சியும் வெளியேற வேண்டும். டாக்கர்.ஐஓ, கன்டெய்னர்டி, ரன்சி, பாட்மேன்-டாக்கர் ஆகியவற்றை முதலில் நீக்கிவிட்டுத் தொடங்கினால் சிக்கல் இல்லை. நோட்ஜேஎஸ்ஸும் இப்படித்தான்: நோட்சோர்ஸ் பேக்கேஜுக்குள்ளேயே என்பிஎம் இருக்கிறது, டிஸ்ட்ரோவின் என்பிஎம் பேக்கேஜைத் தனியாகக் கேட்டால் இரண்டும் மோதும். கேட்க வேண்டியதில்லை.

கேள்வி: சில பேக்கேஜ்கள் "கெப்ட் பேக்" என்று நிற்கின்றன. முன்னுரிமை மோதலா?

இருக்கலாம், ஆனால் உபுண்டுவில் முதலில் படிப்படி வெளியீட்டைச் சந்தேகியுங்கள். 21.04 முதல் ஆப்டே அதைக் கவனிக்கிறது: ஒரு அப்டேட் முதலில் சிறு விழுக்காடு கணினிகளுக்கு மட்டும் போகும். ஆப்ட்-கேஷ் பாலிசியில் பதிப்பின் அருகே "ஃபேஸ்டு" என்று விழுக்காடு இருந்தால், காத்திருங்கள், தானாக வரும். இல்லையென்றால் ஆப்ட்-மார்க் ஷோஹோல்டு. அதுவும் காலியென்றால், அப்டேட்டுக்குப் புதிய பேக்கேஜ் ஒன்று தேவைப்படலாம் அல்லது ஒன்றை நீக்க வேண்டியிருக்கலாம். ஆப்ட்-கெட் --சிமுலேட் டிஸ்ட்-அப்கிரேட் காரணத்தைக் காட்டும்.

கேள்வி: டீஃபால்ட்-ரிலீஸ் என்ற அமைப்பில் என் டெபியன் ரிலீஸ் பெயரை எழுதிவிட்டால் வெளி ரெப்போக்கள் தானாக அடங்கிவிடுமல்லவா?

அடங்கும், கூடவே பாதுகாப்பு அப்டேட்டுகளும் அடங்கிவிடும். டெபியன் 11 இலிருந்து பாதுகாப்பு ரெப்போவின் பெயர் "புல்ஸ்ஐ-செக்யூரிட்டி" என்ற வடிவத்துக்கு மாறியது. டீஃபால்ட்-ரிலீஸில் புல்ஸ்ஐ என்று மட்டும் எழுதினால் மூல ரெப்போ 990க்கு ஏறும். பாதுகாப்பு ரெப்போ 500 இலேயே நிற்கும். திருத்தங்கள் வராமல் போகும். டெபியன் 11 இன் வெளியீட்டுக் குறிப்பே இதை எச்சரித்து, மூன்று பெயர்களையும் தழுவும் வடிவம் ஒன்றை எழுதச் சொல்கிறது. வெளி ரெப்போவைத் தனியாக 100க்கு இறக்குவது இதைவிட எளிது, தவறு நேர வாய்ப்பும் குறைவு.

கேள்வி: டிஎன்எஃப்பில் முன்னுரிமை எப்படி வேலை செய்கிறது?

/இடிசி/யம்.ரெப்போஸ்.டி/ கோப்பகத்தில் அந்த ரெப்போவின் கோப்பைத் திறந்து, பிரையாரிட்டி=90 என்பது போல ஒரு வரி. ஆப்டைப் போல இதில் வரம்புகள் இல்லை, நடத்தை கண்டிப்பானது. மேல் ரெப்போவில் ஒரு பெயர் இருந்தால், கீழ் ரெப்போவில் அதே பெயரில் உள்ளவை பதிப்பு எவ்வளவு புதியதானாலும் கண்ணுக்கே தெரியாது. ஒரு லைப்ரரி இப்படி மறைந்துபோனால், அதைச் சார்ந்திருக்கும் வெளி மென்பொருள் "நத்திங் புரொவைட்ஸ்" என்று நின்றுவிடும்.

எனவே டிஎன்எஃப்பில் முன்னுரிமையை விட இன்க்ளூட்பேக்கேஜஸ், எக்ஸ்க்ளூட்பேக்கேஜஸ் என்ற இரண்டு வரிகளை நாங்கள் விரும்புகிறோம். அமைப்பில் இவற்றின் எழுத்துக்கூட்டலில் பேக்கேஜஸ் என்பது "பிகேஜிஎஸ்" என்று சுருங்கும். வெளி ரெப்போவின் கோப்பில் வேண்டிய பெயர்களை மட்டும் முதல் வரியில் எழுதினால் மற்றவை அங்கிருந்து வராது.

ரெட் ஹாட் வகைக்குக் கூடுதல் பேக்கேஜ்கள் தரும் இபெல் ரெப்போவுக்கு இதெல்லாம் பொதுவாகத் தேவைப்படாது. ரெட் ஹாட்டின் பேக்கேஜ்களை மாற்றக் கூடாது என்பது அதன் கொள்கை. அங்கே வரும் "நத்திங் புரொவைட்ஸ்" பிழைக்குப் பெரும்பாலும் டிஸ்ட்ரோவின் சிஆர்பி என்ற துணை ரெப்போவை இயக்காததுதான் காரணம். 8 ஆம் வரிசையின் சென்ட்ஓஎஸ்ஸில் அதன் பெயர் பவர்டூல்ஸ்.

கேள்வி: ரெட் ஹாட் வகை 8, 9 பதிப்புகளில் போஸ்ட்கிரெஸ் ரெப்போவைச் சேர்த்தும் "மாடுலர் ஃபில்டரிங்" என்று தடுக்கிறது.

டிஸ்ட்ரோவில் அதே மென்பொருளுக்கு ஒரு மாட்யூல் (பதிப்பு வரிசையாகக் கட்டிய பேக்கேஜ் தொகுப்பு) இருந்தால், வெளி ரெப்போவில் உள்ளவற்றை அது மறைத்துவிடும். பிரையாரிட்டி=1 போட்டாலும் பயனில்லை. டிஎன்எஃப் மாட்யூல் டிசேபிள் போஸ்ட்கிரெஸ்கியூஎல் என்று கொடுத்துவிட்டு மீண்டும் நிறுவுங்கள். ஒரு ரெப்போவை மட்டும் இந்த வடிகட்டலிலிருந்து விடுவிக்க, அதன் கோப்பில் மாட்யூல்_ஹாட்ஃபிக்ஸஸ்=1 என்ற வரி உதவும்.

கேள்வி: ஃபெடோராவில் முழு எஃப்எஃப்எம்பெக் நிறுவும்போது மோதல் வருகிறது.

ஃபெடோரா தருவது கோடெக்குகள் (ஒலி, காணொளி வடிவங்களைக் கையாளும் நிரல்கள்) குறைக்கப்பட்ட எஃப்எஃப்எம்பெக்-ஃப்ரீ. ஆர்பிஎம் ஃப்யூஷன் என்ற வெளி ரெப்போ தருவது முழுமையானது. இரண்டும் சேர்ந்து இருக்க முடியாது. டிஎன்எஃப் ஸ்வாப் எஃப்எஃப்எம்பெக்-ஃப்ரீ எஃப்எஃப்எம்பெக் --அலோஇரேசிங் என்பது சரியான கட்டளை. இரேசிங் என்ற சொல் இருப்பதால், ஒப்புதல் தருமுன் நீக்கப் பட்டியலை வரி வரியாகப் படியுங்கள்.

கிராஃபிக்ஸ் டிரைவர் தொகுப்பான மேசாவுக்கு ஆர்பிஎம் ஃப்யூஷன் தரும் ஃப்ரீவேர்ல்டு பேக்கேஜ்களில் வேறு வகை மோதல் வரும். ஃபெடோரா மேசாவைப் புதுப்பித்துவிடும். ஆர்பிஎம் ஃப்யூஷன் அதே பதிப்பைக் கட்டி வெளியிடச் சற்றுத் தாமதமாகும். அந்த இடைவெளியில் அப்டேட் முரண்டு பிடிக்கும். அப்போது --அலோஇரேசிங் கொடுத்தால் வன்பொருள் டிகோடிங் கழன்றுவிடும். ஓரிரு நாள் விட்டு மீண்டும் முயலுங்கள்.

கேள்வி: ஓபன்சூசேயில் முன்னுரிமை எண்ணைக் குறைத்தும் பேக்கேஜ் வெளி ரெப்போவுக்கு மாறவில்லை.

ஸிப்பருக்கு வெண்டார் என்று இன்னொரு கணக்கு உண்டு. யார் கட்டிய பேக்கேஜை நிறுவினீர்களோ, அவரிடமிருந்துதான் அதன் அப்டேட்டையும் எடுக்கும். வேறொருவரின் பேக்கேஜ் முன்னுரிமையில் மேலே இருந்தாலும் தானாக மாறாது. நல்ல பழக்கம்தான். வேண்டுமென்றே மாற்ற, ஸிப்பர் டிஸ்ட்-அப்கிரேட் --ஃபிரம் ரெப்போ-பெயர் --அலோ-வெண்டார்-சேஞ்ச். இப்போதைய எண்களை ஸிப்பர் ரெப்போஸ் --பிரையாரிட்டி காட்டும்.

கேள்வி: ஆர்ச்சில்?

பேக்மேன்.கான்ஃப் கோப்பில் மேலே எழுதிய ரெப்போ வெல்லும். பதிப்பு பழையதானாலும் அதுவே. வெளி ரெப்போவை அதிகாரபூர்வ ரெப்போக்களுக்குக் கீழே வையுங்கள். "லோக்கல் இஸ் நியூவர்" என்ற எச்சரிக்கை வந்தால், நிறுவியிருப்பது இப்போது வெல்லும் ரெப்போவில் இருப்பதை விடப் புதியது என்று பொருள். பெரும்பாலும் வரிசை மாறியதால் வருவது. ஒரு பேக்கேஜை மட்டும் தனியே புதுப்பிப்பதை ஆர்ச் ஆதரிப்பதில்லை. எப்போதும் முழு அப்கிரேட்.

கேள்வி: வெளி ரெப்போவை நீக்கிவிட்டேன். எல்லாம் பழையபடி ஆகிவிடுமா?

ஆகாது. ரெப்போவின் கோப்பு போய்விட்டது. அது தந்த பேக்கேஜ்கள் அப்படியே இருக்கின்றன, இனி அப்டேட் பெறாமல். டெபியன் வகையில் ஆப்ட் லிஸ்ட் '~ஓ' என்று தட்டினால், எந்த ரெப்போவிலும் இல்லாதவை பட்டியலாக வரும். உபுண்டுவின் பிபிஏ (தனிநபர்களோ குழுக்களோ நடத்தும் ரெப்போ) என்றால் பிபிஏ-பர்ஜ் கருவி, நீக்குவதோடு டிஸ்ட்ரோ பதிப்புகளுக்குத் திருப்பியும் விடும். ரெப்போவைக் கையால் அழிக்கும் முன்பே அதை ஓட்டுங்கள். ஃபெடோரா வகையில் ரெப்போவை முடக்கிவிட்டு டிஎன்எஃப் டிஸ்ட்ரோ-சிங்க்.

பதிப்பைக் குறைப்பது எப்போதும் பத்திரமல்ல. பேக்கேஜ்களின் ஸ்கிரிப்டுகள் முன்னோக்கிப் போகத்தான் எழுதப்பட்டவை. தரவுதளம், மின்னஞ்சல் சர்வர் போன்றவை புதிய பதிப்பில் தம் கோப்புகளின் வடிவத்தை மாற்றியிருந்தால் பழைய பதிப்பு அவற்றைத் திறக்காது. குறைக்கும் முன் தரவை ஏற்றுமதி செய்து வையுங்கள். கோப்பகத்தை நகலெடுப்பது மட்டும் போதாது.

கேள்வி: முன்னுரிமையைக் குறைத்துவிட்டால் நம்பகமில்லாத ரெப்போவையும் சேர்க்கலாமா?

கூடாது. முன்னுரிமை என்பது தேர்வுக்கான கணக்கு, காவல் அல்ல. அந்த ரெப்போவிலிருந்து ஒரே ஒரு பேக்கேஜை நிறுவினாலும் அதன் ஸ்கிரிப்டுகள் ரூட் அதிகாரத்தில் ஓடும்.

ரெப்போவின் கையெழுத்தைச் சரிபார்க்கும் சாவியையும் கவனியுங்கள். டிரஸ்டட்.ஜிபிஜி.டி கோப்பகத்தில் போட்ட சாவி எல்லா ரெப்போவுக்கும் கையெழுத்திடலாம். /இடிசி/ஆப்ட்/கீரிங்ஸ்/ இல் வைத்து, ரெப்போ வரியில் சைன்ட்-பை என்று அதன் பாதையைக் குறிப்பிட்டால் அந்த ஒரு ரெப்போவோடு நிற்கும். "கான்ஃப்ளிக்டிங் வேல்யூஸ்" என்று சைன்ட்-பை பற்றிப் பிழை வந்தால், ஒரே ரெப்போ இரண்டு கோப்புகளில் இருக்கிறது, பழையதை நீக்குங்கள்.

கேள்வி: தானியங்கி அப்டேட் இயங்குகிறது. வெளி ரெப்போக்களையும் அது கவனிக்குமா?

அன்அட்டெண்டட்-அப்கிரேட்ஸ் முன்னிருப்பாக டிஸ்ட்ரோவின் சொந்த ரெப்போக்களை மட்டும் தொடும். வெளி ரெப்போ வேண்டுமென்றால் அதன் ஓ= மதிப்பை அனுமதிப் பட்டியலில் நீங்களே சேர்க்க வேண்டும். சேர்க்காவிட்டால் வாரம் ஒருமுறையாவது கையால் ஆப்ட் அப்கிரேட் ஓட்டுங்கள்.

கேள்வி: டிஸ்ட்ரோவை அடுத்த ரிலீஸுக்கு ஏற்றும்போது இந்த விதிகளை என்ன செய்வது?

ஏற்றுவதற்கு முன் பிரிஃபரன்சஸ்.டி கோப்பகத்தில் உள்ளவற்றை வேறிடத்துக்கு நகர்த்துங்கள், ஹோல்டுகளை எடுத்துவிடுங்கள். 1000 போட்டு நிறுத்திய ஒரு பேக்கேஜ், மொத்த ஏற்றத்தையும் தடுத்து நிறுத்தக்கூடும். உபுண்டுவின் ரிலீஸ் அப்கிரேடர் வெளி ரெப்போக்களைத் தானே முடக்கும். டெபியனில் அதை நீங்கள்தான் செய்ய வேண்டும். ஏற்றம் முடிந்ததும் ஒவ்வொரு ரெப்போவாக, புதிய ரிலீஸுக்கான கிளை அங்கே உண்மையில் இருக்கிறதா என்று பார்த்த பிறகு திரும்ப இயக்குங்கள். விதிகளில் என்= என்று பழைய ரிலீஸ் பெயரை எழுதியிருந்தால் அதையும் மாற்ற வேண்டும்; இல்லாவிட்டால் விதி எதற்கும் பொருந்தாது, ரெப்போ சத்தமில்லாமல் 500க்குத் திரும்பிவிடும்.